எந்தப் புகாருக்குப் பதில் கிடைத்தது?

(இளம் எழுத்தாளர்களுக்கான பயிலரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)

ஒடுக்கப்பட்ட மக்களைப் பாத்திரங்களாக எழுதுவது பற்றியும், அதற்கு விமர்சனம் வந்தால் என்ன செய்வது என்பது பற்றியும் பேசச் சொன்னீர்கள். 'ஜெய் பீம்' படத்தை வைத்தே பேசுகிறேன். நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள்.

2021 நவம்பரில் படம் வந்ததும் இரண்டு புகார்கள் எழுந்தன. ஒன்று, நாட்காட்டி. சித்திரவதை செய்யும் உதவி ஆய்வாளரின் வீட்டில் அக்னி கலசம் போட்ட நாட்காட்டி தொங்கியது. வன்னியர் சங்கம் 5 கோடி ரூபாய் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது. காட்சி சில நாட்களிலேயே மாற்றப்பட்டது. இயக்குநர் ஞானவேல் வருத்தமும் தெரிவித்தார்.

இன்னொன்று, ராசாக்கண்ணுவின் சாதி. 1993இல் கம்மாபுரம் காவல் நிலையத்தில் அடித்துக் கொல்லப்பட்ட முதனை ராசாக்கண்ணு குறவர். படத்தின் ராசாக்கண்ணு இருளர். பெயரை வைத்துக்கொண்டு சாதியை மட்டும் ஏன் மாற்றினீர்கள் என்று குறவர்கள் கேட்டார்கள். படம் இன்றும் அப்படியேதான் இருக்கிறது.

இரண்டுமே 'அடையாளத்தை மாற்றிவிட்டீர்கள்' என்ற புகார்தான். கட்சியும் வாக்குவங்கியும் உள்ள பக்கத்துக்கு உடனே பதில் கிடைத்தது.

இருளரும் பொய் வழக்குகளில் சிக்குகிறவர்கள்தானே, யாராக இருந்தால் என்ன என்று என் நண்பர்களே கேட்கிறார்கள். இருளர் வாழ்வை இத்தனை பேரிடம் கொண்டுபோனது அந்தப் படம். அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் நகை காணோம் என்றதும் போலீஸ் ஏன் குறவர் வீட்டுக்கு வந்தது? குறவர்களைப் பிறவித் திருடர்கள் என்று எழுதிவைத்தது வெள்ளைக்காரன் போட்ட குற்றப்பரம்பரைச் சட்டம். சட்டம் ஒழிந்தது, ஸ்டேஷனில் அந்தப் பார்வை ஒழியவில்லை. கொலைக்கான காரணமே அந்தச் சாதிப் பெயருக்குள் இருக்கிறது. பெயரை எடுத்தால் மிஞ்சுவது ஒரு கெட்ட போலீஸ்காரர் மட்டும்தான். 'கற்பனைதானே' என்ற பதில் இங்கே செல்லாது. நிஜப் பெயரை எடுத்துக்கொண்டவர்கள் அதைச் சொல்ல முடியாது.

அதே படத்தில் செங்கேணியைப் பாருங்கள். பணம் வாங்கிக்கொண்டு வழக்கை விடச் சொல்லும் டிஜிபியிடம் ஏன் முடியாது என்பதைத் தன் வாயாலேயே சொல்கிறாள். போலீஸ் ஜீப் பின்னாலேயே கெஞ்சிக்கொண்டு வர, ஏறாமல் நடந்தே போகிறாள். வக்கீல் சந்துருவின் படமாக மட்டும் அது முடிந்துபோகாமல் காப்பாற்றுவது இந்த இரண்டு காட்சிகள்தான் என்பேன். பரிதாபத்துக்குரியவளாக மட்டும் எழுதியிருந்தால் அந்த நடை அவளுக்கு வந்திருக்காது.

உங்கள் கதைக்கும் விமர்சனம் வரும். வக்கீல் நோட்டீஸாக வருவதை யாரும் தவறவிட மாட்டார்கள். யாருடைய வாழ்க்கையை எடுத்து எழுதினீர்களோ அவர்களிடமிருந்து நோட்டீஸ் வராது, நீங்கள்தான் போய்க் கேட்க வேண்டும். அடுத்த பதிப்பில் திருத்துவதா, முன்னுரையில் ஒரு பக்கம் எழுதுவதா என்று அவர்களோடு உட்கார்ந்து முடிவெடுக்கலாம். சரி, கதைகளை எடுங்கள். முதலில் யார் வாசிக்கிறீர்கள்?