குடவோலையும் பதவிக் காலமும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



குடவோலை முறை பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்தீர்கள். இப்பொருளைப் பெருமிதத்தோடு தொடங்கிப் பெருமிதத்தோடே முடிப்பது மேடை வழக்கம். மக்களாட்சியை உலகுக்குக் கற்பித்தவர் நாமே என்று சொல்லிக் கைதட்டல் பெறுவதும் எளிது. நான் அம்முறையின் ஒரு விதியை மட்டும் எடுத்துக்கொள்கின்றேன். பதவியில் இருந்தவர் எப்போது இறங்க வேண்டும் என்பதே அவ்விதி.

அகநானூற்றின் 77ஆம் பாடலை நீங்கள் அறிவீர்கள். பாலை வழியில் வீழ்ந்த வீரரின் குடரை இழுக்கும் எருவைப் பறவையை, கயிற்றால் பிணித்த குடத்தின் இலச்சினையை நீக்கி ஓலையை எடுப்போர்க்கு உவமிக்கின்றார் மருதன் இளநாகனார். இது குடவோலையைச் சுட்டுவதாக ஆய்வாளர் பலர் கொள்வர். கேட்போர் அறியாத ஒன்றைக் கவிஞர் உவமையாக்குவதில்லை. எனவே சோழர்க்கு முன்பே இவ்வழக்கம் மக்கள் கண்ட காட்சியாய் இருந்திருத்தல் கூடும்.

அதன் விதிகளை விரிவாகக் கூறுவன உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரில் உள்ள இரு கல்வெட்டுகள். முதலாம் பராந்தகனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளில், ஏறத்தாழ கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளில் அவை பொறிக்கப்பட்டன. ஊர் 30 குடும்புகளாகப் பகுக்கப்பட்டது. தகுதியுடையார் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஒன்றும் அறியாச் சிறுவன் ஒருவனைக் கொண்டு அனைவர் முன்னும் எடுத்தனர். சம்வத்சர வாரியத்திற்கு 12 பேர், தோட்ட வாரியத்திற்கு 12 பேர், ஏரி வாரியத்திற்கு 6 பேர். வாரியப் பணி 360 நாள்.

இரண்டு தடைகள் என் கருத்தை ஈர்க்கின்றன. முந்தைய மூன்றாண்டுகளில் வாரியம் செய்தவர் பெயரைக் குடத்திலிடலாகாது என்பது ஒன்று. வாரியம் செய்து கணக்குக் காட்டாதவர் பெயரோடு அவருடைய நெருங்கிய உறவினர் பெயர்களையும் விலக்க வேண்டும் என்பது மற்றொன்று. பதவியை விட்டவர் தம் மைத்துனரை அமர்த்திவிட்டுத் திண்ணையிலிருந்து ஆளக்கூடும் என்பதை அச்சபையார் அறிந்திருந்தனர் போலும்!

ஒன்றை மறைத்தல் தகாது. அக்குடத்தில் நிலமும் வேதக் கல்வியும் உடைய ஆடவர் பெயரே விழுந்தது. பெண்ணாகிய என் பெயரோ, இவ்வூர்ப் பனியன் கம்பெனிகளில் உழைப்போர் பெயரோ அதில் இடம்பெற்றிராது. அக்குறையை ஒப்புக்கொண்ட பின்னரும் அந்த மூன்றாண்டு விதி நம்மிடம் ஒன்றைக் கேட்டுக்கொண்டே நிற்கின்றது. நன்றாகப் பணி செய்தவரையும் ஏன் இறங்கச் சொன்னார்கள்?

நம் ஊரில் இதற்கு விடை காண்பது அரிதன்று. இரவு ஷிப்ட் முடிந்தால் எவ்வளவு தேர்ந்த தொழிலாளியும் மிஷினை அடுத்தவரிடம் ஒப்படைத்துவிட்டு வெளியேறுகின்றார். அதை அவர் அவமதிப்பாகக் கருதுவதில்லை. மிஷின் தம்முடையதன்று என்பதை அவர் அறிவார். ஆட்சி இருக்கையும் அத்தகையதே. நெடுநாள் அமர்ந்தவர்க்குத்தான் அது தமதெனத் தோன்றத் தொடங்குகின்றது.

அண்மைக்கால வரலாறு ஒன்றைப் பாருங்கள். இலங்கையின் 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பு, ஒருவர் இருமுறைக்கு மேல் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்படுவதைத் தடுத்தது. மகிந்த ராஜபக்ச இரண்டாம் முறை வென்ற 2010ஆம் ஆண்டின் செப்டம்பரில், 18ஆம் திருத்தம் அத்தடையை நீக்கியது. ஆதரவு 161, எதிர்ப்பு 17. மூன்றாம் முறை போட்டியிட்ட அவர் 2015 ஜனவரியில் மைத்திரிபால சிறிசேனவிடம் தோற்றார். அவ்வாண்டு ஏப்ரலில் 19ஆம் திருத்தம் இருமுறை என்னும் வரம்பை மீட்டது. ஆறாண்டுக் காலத்தையும் ஐந்தாகக் குறைத்தது. ஆதரவு 215, எதிர்ப்பு ஒன்றே. வியப்பு யாதெனில், இரண்டையும் நிறைவேற்றியது 2010இல் தேர்ந்தெடுக்கப்பட்ட அதே நாடாளுமன்றம். இருக்கையில் இருப்பவர் வலிமையாய் உள்ளவரை, அவரை இறங்கச் சொல்லும் நா எழுவதில்லை. ஆகவேதான் அச்சொல்லை முன்கூட்டியே சட்டத்தில் எழுதிவைக்க வேண்டியுள்ளது.

நம் நாட்டில் பிரதமருக்கோ முதலமைச்சருக்கோ இத்தனை முறை என்னும் வரம்பு இல்லை. சபைகளுக்குத்தான் ஐந்தாண்டு எல்லை உண்டு. அதுவும் ஒருமுறை அசைந்தது. 1971இல் தேர்ந்தெடுக்கப்பட்ட மக்களவையின் காலம் நெருக்கடி நிலையின்போது நீட்டிக்கப்பட்டது. 1976இல் 42ஆம் திருத்தம் ஐந்தாண்டை ஆறாக்கியது. 1978இல் 44ஆம் திருத்தம் மீண்டும் ஐந்தாக்கியது. 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் பேசிய அண்ணல் அம்பேத்கர், சமயத்தில் பக்தி வீடுபேற்றுக்கு வழியாகலாம், அரசியலில் அது வீழ்ச்சிக்கே வழி என்னும் கருத்தை வலியுறுத்தினார். வானுயர்ந்த கட்அவுட்டுகளின் நிழலில் வளர்ந்த நாம் அவ்வெச்சரிக்கையை நெஞ்சில் இருத்த வேண்டியவர்கள்.

காலவரம்புக்கு மற்றொரு பாதியும் உண்டு. இருந்தவர் இறங்கினால் மட்டும் போதாது. அடுத்தவர் உரிய நாளில் வர வேண்டும். தமிழகத்து உள்ளாட்சி அமைப்புகளின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. பெரும்பாலான மாவட்டங்களின் ஊராட்சிகளுக்கு 2019 டிசம்பரில்தான் தேர்தல் வந்தது. நகரங்களுக்கு 2022 பிப்ரவரியில். அவ்வூராட்சிகளின் காலம் 2025 ஜனவரி 5இல் முடிந்தபோது, திருப்பூர் மாவட்டத்திலும் தனி அலுவலர்களே பொறுப்பேற்றனர். காலம் முடியுமுன் தேர்தல் நடத்துக என்று அரசியலமைப்பு பணித்திருந்தும் இந்நிலை. குடம் வெறுமையாய் இருந்தாலும் குடவோலை இல்லை என்றே பொருள்.

ஒரு மறுப்பையும் நேர்மையாக எண்ணிப் பார்க்க வேண்டும். நல்லவரை மீண்டும் தேர்வது மக்கள் உரிமையன்றோ? இடஒதுக்கீடு சுழற்சியில் மாறும்போது, அப்போதுதான் பணி பழகிய பெண் தலைவர் ஒருவர் போட்டியிடும் வாய்ப்பை இழப்பதுண்டு. அவ்விழப்பை நான் சிறிதென்று சொல்லேன். ஆயின் உத்திரமேரூரார் கதவை என்றென்றைக்கும் அடைத்தாரில்லை. மூன்றாண்டு ஒதுங்கியிருந்து மீண்டும் வருக என்றனர். ஒதுங்கியிருக்கும் காலத்தில் அவர் குடிமக்களுள் ஒருவராகின்றார். தாம் வகுத்த விதியின் கீழ்த் தாமே வாழ்ந்து பார்க்கின்றார். அரசியலமைப்புவழி ஆட்சி என்பதன் உயிர்நிலை அதுவென்றே நான் கருதுகின்றேன்.

அன்பர்களே, பிறர் இருக்கையைப் பற்றி இவ்வளவு பேசிய பின் என் இருக்கையை மறைத்தல் முறையன்று. இவ்வட்டம் தோன்றிய நாள்முதல் நானே பொருளாளர். ஆண்டுதோறும் விலக எண்ணுவேன். வேறு யார் இருக்கின்றார்கள் என்பீர்கள். அச்சொல் இனிக்கும், அமர்ந்துவிடுவேன். சென்ற ஆண்டு நான் நோயுற்று ஒரு மாதம் படுத்தபோது அரங்க வாடகை செலுத்த ஆளில்லை. இரசீதுப் புத்தகம் எங்குள்ளது என்பதே ஒருவர்க்கும் தெரியவில்லை. அதை என் இன்றியமையாமை என்று சிலர் புகழ்ந்தனர். பத்தாண்டில் ஒருவர்க்கும் அப்பணியை நான் கற்பிக்கவில்லை என்பதே அதன் பொருள் எனப் படுக்கையில் உணர்ந்தேன்.

எனவே ஒரு தீர்மானத்தை முன்மொழிகின்றேன். எப்பொறுப்பும் இரண்டாண்டு, தொடர்ந்து இருமுறைக்கு மேல் ஒருவர் அதில் இருத்தலாகாது, கணக்கை ஆண்டுக் கூட்டத்தில் வாய்விட்டுப் படித்த பின்னரே பொறுப்பு மாற வேண்டும். விவாதியுங்கள், திருத்துங்கள், மறுப்பதாயினும் காரணம் கூறி மறுத்திடுங்கள்.

பத்தாண்டுக் கணக்கேடுகளும் இரசீதுப் புத்தகமும் இதோ இம்மேசைமீது உள்ளன. கூட்டம் முடிந்ததும் யார் வேண்டுமாயினும் புரட்டிப் பார்க்கலாம். அடுத்து வருபவர் கேட்டால் ஒரு திங்கள் உடனிருந்து பணியைக் கற்பிப்பேன். அதன்பின் உங்கள் வரிசையில் அமர்ந்து கவிதை கேட்பேன்.