ஏழடி அகல வீடு



இங்கிலாந்தின் கால்வாய்களில் 'நாரோபோட்' என்னும் ஒடுங்கிய படகையே வீடாக்கி வாழ்வோர் பலர். அகலம் ஏழடிக்கும் சற்றுக் குறைவு. குறுகிய கால்வாய்களின் மதகுகள் அவ்வளவுக்குத்தான் வழிவிடும். கட்டில், அடுப்பு எல்லாம் அதற்குள். பலர் கழிவறைப் பெட்டியைத் தாமே சுமந்துபோய்க் காலி செய்ய வேண்டும்.

எளிய வாழ்வு என்று நாம் வியக்கிறோம். அது தேர்ந்துகொண்ட எளிமையா, வேறு வழியின்றி வந்ததா? பெத்லகேம் கொட்டில்கூட விடுதியில் இடமில்லாததால் வந்ததே.

19ஆம் நூற்றாண்டில் இரயில் போட்டியால் சரக்குப் படகோட்டிகளின் வருமானம் குறைந்தது. கரையில் வீட்டு வாடகை கட்ட முடியாத பலர் மனைவி மக்களையும் படகில் ஏற்றினர். சுமார் பத்தடி நீள அறையில் முழுக் குடும்பம்; பிள்ளைகள் பள்ளியைக் கண்டதே அரிது. எத்தனை பேர் தங்கலாம் என்பதற்கு 1877இல் சட்டம் வந்தது.

இன்று இலண்டன் வாடகைக்கு அஞ்சிப் படகேறுவோரும் உண்டு. நிலையான கட்டுத்துறை இல்லாதவர்கள் ஓரிடத்தில் 14 நாள்களுக்குமேல் தொடர்ந்து தங்கக் கூடாது என்கிறது 1995ஆம் ஆண்டுச் சட்டம். வீடு நகர்ந்துவிடும், பள்ளிக்கூடம் நகராது. சூழ்நிலைக்கேற்ப நியாயமான காலம் கூடுதலாகத் தங்கலாம் என்றும் அதே சட்டம் சொல்கிறது. எது நியாயம் என்பதைப் பள்ளிப் பிள்ளையின் தாயிடமும் கேட்டால் நல்லது.