பட்டம் முடித்தவள் நர்சிங் படிக்கக் கூடாதா?

(அரசு கலைக் கல்லூரி மாணவர்கள் நடத்திய கல்வி வழிகாட்டல் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மருத்துவமனை வேலைகளில் சாதி எப்படி இயங்குகிறது என்பது என் முனைவர் பட்ட ஆய்வு. அதைப் பற்றிப் பேசத்தான் அழைத்தீர்கள். ஆனால் நீங்கள் முன்கூட்டி எழுதிக் கொடுத்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான். "மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். நர்சிங் போக ஆசை. இதை விட்டுவிட்டுப் போகவா, முடித்துவிட்டுப் போகவா?" இந்தக் கேள்விக்குள் என் ஆய்வு முழுவதும் இருக்கிறது. அதனால் இதற்கே பதில் சொல்கிறேன்.

முதலில் நடைமுறை. இரண்டையும் சேர்த்துப் படிக்க முடியுமா என்று சிலர் கேட்டிருக்கிறீர்கள். ஒரே நேரத்தில் இரண்டு பட்டப் படிப்புகள் படிக்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் அனுமதித்தது உண்மை. ஆனால் நர்சிங்குக்கு அது உதவாது. அந்தப் படிப்பில் தேர்வு எழுத 80 விழுக்காடு வருகைப்பதிவு வேண்டும். வார்டுகளில் செய்யும் பயிற்சிக்கோ, பட்டம் வாங்குவதற்குள் 100 விழுக்காடு வருகை காட்டியாக வேண்டும். காலையில் இந்தக் கல்லூரி, மாலையில் அந்தக் கல்லூரி என்பது நடக்காது.

அடுத்து, எந்த வழியில் உள்ளே போவது? பி.எஸ்சி. நர்சிங் நான்கு ஆண்டு. பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருக்க வேண்டும். இந்திய செவிலியர் கவுன்சில் விதிப்படி குறைந்தது 45 விழுக்காடு, பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு 40 விழுக்காடு மதிப்பெண் வேண்டும். ஜி.என்.எம். என்கிற பட்டயப் படிப்பு மூன்று ஆண்டு. கவுன்சில் விதிப்படி எந்தப் பிரிவு எடுத்தவரும் 40 விழுக்காடு மதிப்பெண்ணோடு சேரலாம், அறிவியல் பிரிவுக்கு முன்னுரிமை. வயது வரம்பு 35. அதை முடித்தவர்கள் மேலும் இரண்டு ஆண்டு போஸ்ட் பேசிக் படித்தால் பி.எஸ்சி. பட்டம் கிடைக்கும். அரசுப் பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் தனி நிபந்தனைகள் இருக்கலாம். அந்தந்த ஆண்டின் சேர்க்கைக் குறிப்பேட்டை நீங்களே படியுங்கள். ஏஜெண்ட் சொல்வதைக் கேட்டுப் பணம் கட்டாதீர்கள்.

நீங்கள் இங்கே வாங்கும் பட்டத்துக்கு அங்கே எந்த மதிப்பும் இல்லை. அமெரிக்காவில் வேறு பட்டம் முடித்தவர்கள் ஓராண்டு, ஒன்றரை ஆண்டில் நர்சிங் பட்டம் வாங்கத் தனி வழி இருக்கிறது. இங்கே அப்படி இல்லை. மூன்று ஆண்டு விலங்கியல் படித்து உடற்கூறு, உடலியங்கியல் தேர்வு எழுதியவளும் முதலாம் ஆண்டு முதல் நாளிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை. பேருந்து நிலையத்துக்கு எதிரே மாடியில் போர்டு மாட்டி, "ஆறு மாத நர்சிங், ஓராண்டு நர்சிங், வேலை உறுதி" என்கிறார்கள். அந்தச் சான்றிதழோடு தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் கவுன்சிலில் பதிவு செய்ய முடியாது. பதிவு இல்லாவிட்டால் சட்டப்படி நீங்கள் செவிலியர் இல்லை. வெள்ளை உடை போட்டுவிடுவார்கள், ஊசி போடச் சொல்வார்கள், தவறு நடந்தால் "அந்தப் பொண்ணு நர்ஸே இல்லை" என்று கைகழுவுவார்கள். என் களஆய்வில் இப்படிச் சிக்கிய பெண்களைப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலோர் நம் தெருப் பெண்கள்.

இனி கேள்விக்கு வருகிறேன். விடுவதா, முடிப்பதா? முடியுங்கள். இன்னும் ஒரு சில மாதங்கள்தான். பட்டம் இருந்தால் குரூப் 2 தேர்வு எழுதலாம், பட்டதாரித் தகுதி கேட்கிற எந்தத் தேர்வும் எழுதலாம். நர்சிங் படிப்பும் வேலைக்கு உத்தரவாதம் இல்லை. தமிழக அரசு 2015இல் தேர்வு வைத்து எடுத்த செவிலியர்களுக்கே மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம்தான் கொடுத்தது. 2017 நவம்பரில் அவர்கள் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்து போராடினார்கள். தனியாரில் 50 படுக்கைக்குக் குறைவான மருத்துவமனையில்கூட 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லி அமைக்கப்பட்ட குழு 2016இல் பரிந்துரைத்தது. உங்கள் ஊர் நர்சிங் ஹோமில் வேலை செய்யும் அக்காவிடம் சம்பளம் எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள். அப்படிப்பட்ட துறைக்குள் போகும்போது கையில் இன்னொரு பட்டம் இருப்பது பாதுகாப்பு.

ஆனால் முடியுங்கள் என்று சொல்லும்போதே ஒரு சிக்கலையும் சொல்லியாக வேண்டும். நம்மில் பலர் படிப்பது போஸ்ட் மெட்ரிக் ஸ்காலர்ஷிப்பில். பட்டியல் சாதி மாணவர்களுக்கான அந்தத் திட்டத்தின் விதிகளில் ஒரு பிரிவு இருக்கிறது. ஒரு நிலைக் கல்வியில் தேர்ச்சி பெற்ற பிறகு அதே நிலையில் வேறு பாடம் படித்தால் உதவித்தொகை கிடையாது. பி.ஏ. முடித்து பி.காம். போனால் இல்லை என்று விதியே எடுத்துக்காட்டும் தருகிறது. பி.ஏ. முடித்து பி.எஸ்சி. நர்சிங் போனாலும் அதே கதைதான். பட்டயப் படிப்புக்குப் போகிறவர்களும் சேருவதற்கு முன்பே மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்தில் மனு கொடுத்து, எழுத்தில் பதில் வாங்குங்கள். வாய்வார்த்தையை நம்பிச் சேர்ந்து, இரண்டாம் ஆண்டில் கட்டணம் கட்ட முடியாமல் வெளியே வந்தவர்கள் உண்டு.

இந்த விதியின் பொருள் என்ன? தடை, தேர்ச்சி பெற்றவளுக்கு. ஒழுங்காகப் படித்து முடித்ததுதான் அவளுக்கு எதிராக நிற்கிறது.

"ஒரு முறை அரசுப் பணத்தில் படித்தாயிற்றே, இன்னொரு முறை எதற்கு?" என்று கேட்பார்கள். நான் திருப்பிக் கேட்கிறேன். அந்த முதல் முறை நாம் தேர்ந்தெடுத்தோமா? பதினேழு வயதில், வீட்டில் யாருக்கும் கல்லூரி என்றால் என்னவென்றே தெரியாத நிலையில், எது கிடைத்ததோ அதில் சேர்ந்தோம். உள்ளூர்ப் பள்ளியில் உயிரியல் பிரிவு இருந்திருக்காது. விண்ணப்பம் எப்போது என்று சொல்ல ஆள் இருந்திருக்காது. விடுதி இல்லை, பேருந்து இல்லை, கட்டணம் இல்லை. அப்பா டாக்டர், அம்மா பேராசிரியர் என்றிருக்கும் வீட்டுப் பிள்ளை இன்ஜினியரிங் முடித்துவிட்டு எம்.பி.ஏ. போகலாம், அது பிடிக்காமல் சமையல் கலை படிக்கலாம். அதற்குப் பெயர் தேடல். நாம் மாறினால் அதற்குப் பெயர் அரசுப் பணம் வீண். மனம் மாறும் உரிமையும் இந்த நாட்டில் பரம்பரைச் சொத்தாக இருக்கிறது.

இந்த உதவித்தொகைத் திட்டம் 1944இல் தொடங்கியது. அண்ணல் அம்பேத்கர் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த காலம் அது. அவருடைய படிப்பை எண்ணிப் பாருங்கள். 1916இல் லண்டனில் பொருளாதாரமும் சட்டமும் சேர்த்துப் படிக்கத் தொடங்கினார். பரோடா அரசின் உதவித்தொகை முடிந்ததால் 1917இல் பாதியில் திரும்பினார். 1920இல் மறுபடியும் கப்பல் ஏறிப் போய் இரண்டையும் முடித்தார். ஒன்று படித்தாயே போதும் என்று அவர் நின்றிருந்தால் நமக்கு என்ன மிஞ்சியிருக்கும்?

நர்சிங் ஏன் நமக்கு முக்கியம் என்பதையும் சொல்ல வேண்டும். ரத்தம், மலம், சிறுநீர், பிணம், பிரசவம் எல்லாவற்றையும் தீட்டு என்று ஒதுக்கிய சமூகம் இது. பிரசவம் பார்த்த மருத்துவச்சிகள் நாவிதர் குடும்பத்துப் பெண்கள். தாயையும் பிள்ளையையும் காப்பாற்றியவளை அதே வீட்டுத் திண்ணையில் உட்கார விடவில்லை. நவீன நர்சிங் வந்தபோதும், அந்நிய ஆணைத் தொட்டுத் துடைக்கும் வேலை என்று சாதி இந்துக் குடும்பங்கள் பெண்களை அனுப்பத் தயங்கின. 1897இல் புனேயில் பிளேக் பரவியபோது, நோயுற்ற ஒரு தீண்டப்படாத குடும்பத்துச் சிறுவனைத் தூக்கிச் சுமந்து வந்து, அந்த நோயிலேயே உயிர்விட்டவர் சாவித்ரிபாய் பூலே. தொடுவது அவருக்கு அரசியல்.

இன்று அந்த வேலைக்குச் சம்பளமும் வெளிநாட்டு விசாவும் வந்துவிட்டன. உடனே வாசலில் மதிப்பெண்ணும் கட்டணமும் வந்து நிற்கின்றன. தீட்டு மட்டும் ஒரு படி கீழே இறங்கி ஒப்பந்தத் தூய்மைப் பணியாளரிடம் போய்விட்டது. என் அம்மா ஒரு மருத்துவமனையில் பத்தொன்பது ஆண்டுகள் அந்த வேலைதான் பார்த்தார். எந்த நோயாளிக்கு இரவில் மூச்சு முட்டும், யாருக்குப் படுக்கைப் புண் தொடங்குகிறது என்று அவருக்கு முதலில் தெரியும். ஆனால் அதைச் சொன்னால் "உன் வேலையைப் பார்" என்பார்கள். அவருடைய அறிவுக்குச் சான்றிதழ் இல்லை. அதை வாங்கும் வாய்ப்பு உங்களுக்கு இருக்கிறது.

அதனால் ஒரு வேண்டுகோள். நாளை நீங்கள் சீருடை போட்டுக்கொண்டு வார்டுக்குள் போகும்போது, அங்கே துடைப்பத்தோடு நிற்கும் அம்மாவை "வாங்க, போங்க" என்று பேசுங்கள். அவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேளுங்கள். அதைச் செய்யாமல் நாம் மேலே ஏறுவது சாதியை ஒழிப்பது ஆகாது.

கோரிக்கைகள் மூன்று. முதலாவது, முதல் தலைமுறைப் பட்டதாரிகள் ஒரு முறையாவது அதே நிலையில் வேறு தொழிற்படிப்புக்கு மாற, உதவித்தொகை விதியைத் திருத்த வேண்டும். ஒன்றிய அரசு திருத்தும்வரை மாநில அரசு அந்தச் செலவை ஏற்க வேண்டும். இரண்டாவது, உயிர் அறிவியல் பட்டதாரிகள் ஏற்கெனவே படித்த பாடங்களைக் கணக்கில் எடுத்து, குறைந்த காலத்தில் முடிக்கும் நர்சிங் படிப்பைத் தொடங்க வேண்டும். மூன்றாவது, அரசு செவிலியர் கல்லூரிகளின் எண்ணிக்கையையும் விடுதிகளையும் கூட்ட வேண்டும்.

மனுவின் படிகள் பின்வரிசை மேசையில் இருக்கின்றன. படித்துப் பார்த்து, சரி என்று தோன்றினால் பெயரும் பாடப்பிரிவும் எழுதிக் கையெழுத்திடுங்கள். தேர்வுக்கும் படியுங்கள், இந்த ஆண்டுப் பாடம் எதையும் நிலுவை வைக்காதீர்கள்.

ஜெய்பீம்.