துப்பாக்கியைக் கீழே வைத்தவனுக்கு என்ன வழி?

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

ஒரு போர் ஏன் தொடங்கியது என்று பேச நம்மில் ஆயிரம் பேர் உண்டு. போர் முடிந்த மறுநாள் அந்தப் போராளி எங்கே போனான், எதைத் தின்றான், அவனுக்கு வாடகைக்கு வீடு கொடுத்தவர் யார் என்று கேட்பார் இல்லை. இன்று அதைத்தான் பேச எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

நேபாளத்தை எடுத்துக்கொள்வோம். ஏன் நேபாளம்? இந்த மும்பையில் நாம் குடியிருக்கும் கட்டடங்களின் வாசலில் இரவெல்லாம் கண்விழித்து உட்கார்ந்திருப்பவர்களில் எத்தனையோ பேர் நேபாளிகள். 'கூர்க்கா' என்று கூப்பிடுவதோடு அவனைப் பற்றிய விசாரணை முடிந்துவிடுகிறது. ரோல்பாவா, சுர்கேத்தா, எந்த மாவட்டத்தான் என்று கேட்பவர் அரிது. தெற்கேயிருந்து வந்த நாலு மொழிக்காரர்களையும் 'மதராசி' என்ற ஒரே சாக்கில் போட்டுக் கட்டிய நகரம்தானே இது!

1996 பிப்ரவரி 13-ல் அங்கே மாவோயிஸ்டுகள் போரைத் தொடங்கினார்கள். பத்தாண்டுகளில் ஏறத்தாழ 17,000 உயிர்கள் போயின. 2006 நவம்பர் 21-ல் அமைதி உடன்படிக்கை ஆயிற்று. 2008-ல் மன்னராட்சி ஒழிந்தது. இதெல்லாம் நீங்கள் படித்தவை. உடன்படிக்கைக்குப் பின் நடந்தவைதான் பத்திரிகைகளில் அதிகம் வரவில்லை.

முதலில் ஆயுதம். ஏழு பெரிய முகாம்கள், அவற்றைச் சார்ந்து இருபத்தொரு துணை முகாம்கள் அமைத்துப் போராளிகளைக் குடியமர்த்தினார்கள். ஏறக்குறைய 3,475 துப்பாக்கிகளை எண் குறித்து இரும்புப் பெட்டகங்களில் வைத்துப் பூட்டினார்கள். சாவி யாரிடம்? மாவோயிஸ்டுகளிடமே! வெளியே ஐ.நா. காவல், இரவில் விளக்கு, கேமரா, கதவைத் திறந்தால் அலறும் அபாயச் சங்கு. அதே எண்ணிக்கையில் அரசு இராணுவமும் தன் ஆயுதங்களைப் பூட்டி வைத்தது. ஐ.நா. ஆட்கள் முழுதாக வந்து சேரும்வரை இந்திய, பிரிட்டிஷ் பட்டாளங்களில் பணியாற்றி ஓய்வுபெற்ற கூர்க்கா வீரர்களே காவலுக்கு நின்றார்கள். இந்த ஏற்பாட்டைக் கேலி செய்தவர்கள் உண்டு. நாம் அப்படி நினைக்கவில்லை. துப்பாக்கி கையை விட்டுப் போகும் நேரத்தில் மானமும் போய்விடக் கூடாது என்று யாரோ எண்ணியிருக்கிறார்கள். 'சரண்' என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை.

அடுத்து ஆட்கள். பதிவு செய்துகொண்டோர் 32,250 பேர். சரிபார்த்தபின் போராளிகள் என்று ஏற்கப்பட்டோர் 19,602 பேர். இவர்களில் பெண்கள் 3,846. நேர்காணலுக்கு வராதோர் தவிர, தகுதியில்லை என்று தள்ளப்பட்டவர்கள் 4,008 பேர். இவர்களில் 2,973 பேர் 2006 மே மாதத்தில் பதினெட்டு வயதுகூட நிரம்பாத பிள்ளைகள்!

இந்தப் பிள்ளைகளுக்கு நேபாள மொழியில் விழுந்த பெயர் என்ன தெரியுமா? 'அயோக்ய'. தகுதியற்றவர் என்று பொருள். அந்த வடசொல் நம் மொழிக்கு வந்து என்ன ஆயிற்று என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நேபாளத்தில் அது வசைச்சொல் அல்லதான். ஆனால் பன்னிரண்டு பதிமூன்று வயதில் கட்சிக்குப் போய், மூட்டை சுமந்து, காயம்பட்டவர்களைத் தூக்கி வந்த பெண்ணொருத்தி அந்தப் பட்டத்தோடு ஊருக்குள் நுழைந்தால் அவள் காதில் அது எப்படி விழும்? சிறார் என்பதாலேயே அவர்களுக்கு இரட்டைப் பரிவு காட்டியிருக்க வேண்டும். நடந்தது நேர்மாறு. மூன்றாண்டு முகாமில் காத்திருந்தபின் 2010 தொடக்கத்தில் அவர்கள் வெளியே அனுப்பப்பட்டார்கள். தொழிற்பயிற்சி, படிப்பு, சிறுதொழில் என்று ஐ.நா. அமைப்புகள் வாய்ப்புகள் வைத்தன. பிறகு மற்றப் போராளிகளுக்குக் கொடுத்த பெருந்தொகை இவர்களுக்குக் கிடைக்கவில்லை.

மற்றவர்களோ ஐந்தாண்டுக்கு மேல் முகாமில் கிடந்தார்கள். திருமணம் முடித்தார்கள், பிள்ளை பெற்றார்கள். 2011 நவம்பரில்தான் கட்சிகள் ஒப்புக்கொண்டு மூன்று கதவுகளைத் திறந்தன: இராணுவத்தில் சேரலாம்; 5 முதல் 8 இலட்சம் நேபாள ரூபாய் பெற்றுக்கொண்டு விலகலாம்; பயிற்சியும் உதவியும் கொண்ட மறுவாழ்வுத் திட்டத்தில் சேரலாம். மூன்றாவதன் மதிப்பு ரொக்கத்தைவிடக் கூடுதல். அதைத் தேர்ந்தவர்கள் எத்தனை பேர்? ஆறே பேர்!

ஏழைக்குக் கணக்குத் தெரியாது என்று இதற்கு விளக்கம் சொன்னார்கள் படித்தவர்கள். அவனுக்குத் தெரிந்த கணக்கு வேறு. காசோலை கைக்கு வரும். திட்டம் காகிதத்தில் இருக்கும். ஐந்தாண்டு முகாமில் கட்சியின் வாக்கையும் அரசின் வாக்கையும் பார்த்தவன் எதை எடுப்பான்? பணத்தைப் பெற்றுச் சென்றோர் 15,000-க்கு மேல். முதலில் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இராணுவத்தில் சேர விரும்பினார்கள்; கடைசியில் சேர்ந்தவர்கள் 1,400-க்குச் சற்று மேல். ஐந்து இலட்சம் நேபாள ரூபாய் என்பது நம் பணத்தில் மூன்று இலட்சத்துச் சொச்சம். அதுவும் இரண்டு தவணையில். கடனை அடைத்து, துண்டு நிலம் வாங்கி, மிச்சத்தை ஏஜென்டிடம் கொடுத்து வளைகுடாவுக்கும் மலேசியாவுக்கும் போனவர்கள் பலர். பிழைக்க ஊர்விட்டு வந்த நமக்கு அந்தக் கணக்கு விளங்கும்.

பெண்களின் கதையை நின்று பார்க்க வேண்டும். கைக்குழந்தையோடு இராணுவப் பயிற்சிக்குப் போக முடியுமா? சேர்ந்த பெண்கள் நூற்றுச் சொச்சம் பேர்தாம். இயக்கத்துக்குள் சாதி பாராமல் மணந்துகொண்டவர்கள் அவர்கள். தலித் இளைஞனை மணந்த மேல்சாதிப் பெண்ணும் உண்டு, மாறாகவும் உண்டு. தாலி, சடங்கு எதுவுமின்றித் தோழர்கள் முன்னிலையில் நடந்த அந்தத் திருமணங்களைக் கேட்டால் நமக்குச் சுயமரியாதைத் திருமணம் நினைவுக்கு வரும். காட்டில் செல்லுபடியான திருமணம் ஊரில் செல்லவில்லை. மாமியார் வீட்டுக் கதவு திறக்கவில்லை, தாய் வீட்டுக் கதவும் திறக்கவில்லை. அதனால்தான் பலர் சொந்த ஊருக்குத் திரும்பாமல் சித்வானில் சக்திகோர் போன்ற பழைய முகாம்களை அண்டியே குடியேறினார்கள். துப்பாக்கியை வாங்கிப் பூட்டத் தெரிந்த உடன்படிக்கைக்குச் சாதியைப் பூட்டும் பெட்டகம் கிடைக்கவில்லை.

தலைவர்களோ? பிரசண்டா மூன்று முறை பிரதமரானார். எங்கள் படை ஏழெட்டாயிரம்தான், எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டினோம் என்று அவர் தம் ஆட்களிடம் பேசிய ஒளிப்பதிவு 2009-ல் வெளிவந்து நாறியது. முகாம்வாசிகளின் சம்பளத்திலும் தொகையிலும் தளபதிகள் பங்கு எடுத்ததாகப் புகார்கள் எழுந்தன. இவ்வளவு இருந்தும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: அந்தப் போர் திரும்ப மூளவில்லை. இது சிறிய காரியம் அல்ல.

நம் நாட்டுக்கு வருவோம். மிசோரத்தில் 1966-ல் ஐஸால் நகரின்மீது நம் விமானப்படையே குண்டு வீசியது. இருபதாண்டு கழித்து, 1986 ஜூன் 30-ல் உடன்பாடு. போராட்டத் தலைவர் லால்டெங்கா முதலமைச்சரானார். ஆட்சியிலிருந்த லால் தன்ஹாவ்லா அவருக்காகப் பதவியை விட்டுக்கொடுத்தார். வீடு திரும்பியவனை ஏற்க மாதா கோயிலும் ஊரும் காத்திருந்தன.

பக்கத்து அஸ்ஸாமில் என்ன செய்தார்கள்? உல்ஃபாவிலிருந்து 1990-களில் விலகி வந்தவர்களுக்குக் கடன் கொடுத்தார்கள். தற்காப்பு என்று சொல்லி ஆயுதத்தையும் அவர்களிடமே விட்டுவைத்தார்கள். பழைய தோழர்களை வேட்டையாட ஏவினார்கள். 1998 முதல் 2001 வரை உல்ஃபாக்காரர்களின் உறவினர்கள் வீட்டுக் கதவைத் தட்டி அழைத்துக் கொல்லப்பட்டார்கள். விசாரித்த சைக்கியா ஆணையத்தின் அறிக்கை 2007-ல் சட்டமன்றத்துக்கு வந்தது. துப்பாக்கியைக் கைவிட வந்தவனிடம் வேறொரு துப்பாக்கியைக் கொடுத்து அனுப்புவதற்கு மறுவாழ்வு என்று பெயரா?

ஈழத்தைப் பற்றிச் சொல்லாமல் உட்கார்ந்தால் நீங்கள் விடமாட்டீர்கள். 2009 மே மாதத்துக்குப் பின் ஏறத்தாழ 12,000 பேர் 'புனர்வாழ்வு' முகாம்களுக்குள் அனுப்பப்பட்டார்கள். அங்கே உடன்படிக்கை இல்லை, கதவு மூன்றும் இல்லை. வெளியே வந்தபின்னும் கண்காணிப்பு விடவில்லை. இராணுவத்திடம் கையளித்த பிள்ளை எங்கே என்று கேட்டுத் தாய்மார்கள் 2017 முதல் கிளிநொச்சியில் தெருவில் உட்கார்ந்தார்கள். தோற்கடித்தவன் நடத்தும் மறுவாழ்வும், பேசி முடித்தபின் நடக்கும் மறுவாழ்வும் ஒன்றல்ல.

இதை இப்போது பேசக் காரணம் உண்டு. நாம் உழைத்து வாழும் இதே மகாராட்டிரத்தில், கட்சிரோலியில், 2025 அக்டோபரில் மாவோயிஸ்டுத் தலைவர் மல்லோஜுலா வேணுகோபால் ராவ் அறுபது பேருடன் ஆயுதத்தை ஒப்படைத்தார். அடுத்த சில நாட்களில் சத்தீஸ்கரின் ஜகதல்பூரில் இருநூறுக்கும் மேற்பட்டோர். படம் எடுத்தார்கள், மாலைச் செய்தியில் காட்டினார்கள். பழங்குடி இளைஞர்களைச் சிறப்புக் காவலர்களாக்கி மாவோயிஸ்டுகளுக்கு எதிராக நிறுத்தியது அரசியல் சட்டத்துக்குப் புறம்பு என்று 2011-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் பிறகும் சத்தீஸ்கரில் சரணடைந்தவர்களைக் காவல்துறைப் படைப்பிரிவில் சேர்த்து அதே காட்டுக்குள் அனுப்பியிருக்கிறார்கள். ஆகவே நம் சங்கத்தின் சார்பில் மாநில அரசுக்கு அனுப்பவிருக்கும் விண்ணப்பத்தில் மூன்றே கேள்விகள் வைத்திருக்கிறோம். வந்தவர்களில் எத்தனை பேர் சிறுவயதில் சேர்க்கப்பட்டவர்கள்? அவர்கள்மீதுள்ள வழக்குகள் என்ன ஆயின? அவர்களில் எவரையேனும் மீண்டும் துப்பாக்கியோடு காட்டுக்கு அனுப்பியிருக்கிறீர்களா? விண்ணப்பப் படிவம் வாசல் மேசையில் இருக்கிறது. படித்துப் பார்த்து, உடன்பாடு உள்ளவர்கள் கையெழுத்திட்டுச் செல்லுங்கள்.