இரவில் பாடுகிற பெண்: மேடையும் சாதியும்

(கொருக்குப்பேட்டையில் நடந்த மாலைக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ரயில்வே கேட்டில் காத்துக் கிடந்து வந்து சேர்ந்த எல்லாருக்கும் நன்றி. கானா பாடும் பெண்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் நைட் கிளப்பில் ஜாஸ் பாடிய ஒரு பெண்ணிலிருந்து தொடங்குகிறேன். இங்கிருந்து சில கிலோமீட்டரில் நடந்த கதைதான்.

1969. மவுண்ட் ரோட்டில் சஃபையர் தியேட்டர் வளாகத்தில் 'நைன் ஜெம்ஸ்' என்றொரு நைட் கிளப். புடவை கட்டிய ஓர் இளம்பெண் அங்கே மேடையேறி ஆங்கிலப் பாட்டு பாடுகிறார். கேட்டவர்களுக்குப் பிடித்துப்போக, தொடர்ந்து பாடச் சொல்கிறார்கள். அவர்தான் உஷா உதுப். பம்பாயில் 1947-ல் தமிழ் ஐயர் குடும்பத்தில் பிறந்தவர். அப்பா காவல்துறை அதிகாரி. குரல் கனமாக இருக்கிறது, பொருந்தவில்லை என்று பள்ளியில் இசை வகுப்பிலிருந்தே ஒதுக்கப்பட்டவர்.

அடுத்து கல்கத்தா, பார்க் ஸ்ட்ரீட், 'டிரிங்காஸ்'. அங்கே பாடும்போதுதான் ஜானி உதுப்பைச் சந்திக்கிறார். அவர் மலையாளக் கிறிஸ்தவர். உஷாவுக்கு அப்போது ஏற்கெனவே திருமணமாகியிருந்தது. அந்த மணவாழ்க்கையிலிருந்து வெளியே வந்து ஜானியை மணக்கிறார். பிறகு சினிமா, ஊர் ஊராகக் கச்சேரி. 2011-ல் பத்மஸ்ரீ, 2024-ல் பத்மபூஷண். நைட் கிளப்பில் பூத்த காதல் என்று இன்றும் ஆசையாகச் சொல்லப்படும் கதை இது. சொல்லட்டும், அழகான கதைதான். அந்தக் குரலும் உழைப்பும் அவருடையவை. அதை யாரும் மறுக்க முடியாது.

என் கேள்வி வேறு. அதே காலத்துத் தமிழ் சினிமாவில் கிளப்பில் பாடுகிற பெண் யார்? வில்லனின் ஆள். கதாநாயகனை மயக்க வருபவள். எல்.ஆர். ஈஸ்வரியின் அபாரமான குரலை இந்தப் பாத்திரங்களுக்கே அதிகம் கொடுத்தார்கள். கிளப் என்றாலே பெண்ணுக்குக் கெட்ட பெயர் என்றிருந்த காலத்தில், உஷாவுக்கு மட்டும் அந்தப் பெயர் ஏன் ஒட்டவில்லை?

காஞ்சிபுரம் பட்டும் பெரிய பொட்டும் அவருடைய அடையாளமாயின. வேடம் போட்டார் என்று நான் சொல்லவில்லை. தன் வீட்டுப் பெண்கள் கட்டியதைத்தான் அவரும் கட்டினார். ஆனால் பார்த்தவர்கள் அந்தப் புடவையில் 'நல்ல குடும்பத்துப் பொண்ணு' என்று படித்துக்கொண்டார்கள். 'நல்ல குடும்பம்' என்ற சொல்லுக்குள் சாதி உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பாதுகாப்பை அவர் கேட்டு வாங்கவில்லை, பிறப்போடு வந்தது.

அது இல்லாத பெண்ணுக்கு என்ன நடக்கும்? நியூயார்க்கைப் பாருங்கள். ஹார்லெமின் 'காட்டன் கிளப்'பில் ஆடிப் பாடியவர்கள் கறுப்பர்கள்; உட்கார்ந்து ரசித்தவர்கள் வெள்ளையர்கள். கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து உட்காரக்கூடிய 'கஃபே சொசைட்டி'யில்தான் 1939-ல் பில்லி ஹாலிடே, கறுப்பர்களை அடித்துக் கொன்று மரத்தில் தொங்கவிடும் கொடுமையைப் பாடினார். 1947-ல் போதைப்பொருள் வழக்கில் சிறை சென்றார். வெளியே வந்தபோது, நகரத்து கிளப்புகளில் பாடுவதற்கான அனுமதி அட்டை அவருக்கு மறுக்கப்பட்டது. குரல் வேண்டும், அந்தக் குரலுக்குரிய பெண் வேண்டாம்.

இனி நம் தெருவுக்கு வருவோம். சாவு வீட்டில் பகல் முழுக்க மாரடித்து ஒப்பாரி பாடுவது பெண்கள். இரவானால் ஷாமியானாவுக்குக் கீழே மைக், கீபோர்டு, டிரம்ஸ் எல்லாம் வந்துவிடும், கானாக் கச்சேரி. பாடுவது பெரும்பாலும் ஆண்கள். கச்சேரிக்குப் பணம் உண்டு. நான் ஆய்வு செய்த தெருக்களில் ஒப்பாரிக்குக் கிடைத்தது டீயும் வெற்றிலையும்தான். துக்கத்தைப் பாடுவதிலும் கூலி ஒரு பக்கம், கடமை ஒரு பக்கம்.

இந்தக் கோட்டைத் தாண்டியவர் ராயபுரத்தின் இசைவாணி. 2018 ஜனவரியில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதல் மேடை ஏறியபோது அந்தக் குழுவில் இருந்த ஒரே பெண். 2020-ல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். பெருமைதான். ஆனால் ஒருவர் தாண்டிவிட்டார் என்பதால் கோடு அழிந்துவிடாது.

என் களப்பணியில் சந்தித்த ஒரு பெண்ணுக்கு வயது பத்தொன்பது. மொட்டை மாடியில் நின்று பாடி போனில் பதிவு செய்வாள். அடித்தொண்டையிலிருந்து வரும் கனத்த குரல். கச்சேரிக்குக் கூப்பிட்டார்கள், அம்மா விடவில்லை. அந்த அம்மா யார் தெரியுமா? ஒப்பாரி என்றால் நாலு தெருவும் தேடி வந்து கூப்பிடும் ஆள். "ராத்திரில பாடிட்டு வர்ற பொண்ண எவன் கட்டுவான்? நீயே சொல்லு கண்ணு" என்றார்.

அந்த அம்மாவைப் பிற்போக்கு என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். இந்த ஊர் தன் மகளுக்கு என்ன பெயர் வைக்கும் என்று அவருக்குத் தெரியும். அந்தப் பெயரிலிருந்து காப்பாற்ற அவரிடம் பட்டுப்புடவையும் இல்லை, போலீஸ் அதிகாரி அப்பாவும் இல்லை. உஷாவுக்குப் பிறப்பு கொடுத்த பாதுகாப்பை இந்தப் பெண்ணுக்கு நாம்தான் சேர்ந்து கொடுக்க வேண்டும்.

எப்படி? பெண் பாடகரை மேடையேற்றிக் கைதட்டினால் போதாது. பேசிய பணத்தில் பாதியை முன்பணமாகக் கொடுங்கள். ஆண் பாடகருக்குக் கொடுக்கும் தொகையையே கொடுங்கள். உடை மாற்ற ஓர் அறை, கழிப்பறை, முடிந்ததும் வீடு வரை வண்டி. இவை சலுகைகள் அல்ல, ஒரு தொழிலாளியின் உரிமைகள். மேடைக்குக் கீழிருந்து அசிங்கமாகக் கத்துகிறவன் நம் நண்பனாக இருந்தாலும், மைக்கை நிறுத்திவிட்டு அவனை வெளியே அனுப்புங்கள்.

இன்னொன்று. அவள் பாடுகிற இடத்தில் யாரையாவது காதலிக்கவும் செய்யலாம், உஷா காதலித்ததைப் போல. அன்றைக்கு அதைக் காதல் கதை என்று சொல்லப்போகிறோமா, இல்லை அவள் நடத்தையைப் பற்றிப் பேசப்போகிறோமா? சாதி ஒழிப்பு பேசுகிற நாம் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இது.

முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கும் தங்கைகளிடமிருந்து பேச்சைத் தொடங்கலாம்.