தேயிலை மலையில் தேனீக்குப் பூ

டிக்கோயாவின் மலைச்சரிவுகள் ஆண்டு முழுவதும் பசுமையாகவே விளங்குகின்றன. ஆயினும் அப்பசுமை தேனீயின் பசியைத் தீர்ப்பதன்று. கொழுந்துக்காக ஓயாது கிள்ளப்பெறும் தேயிலைச் செடி மலர்வது அரிது. புதிய கன்றுகளும் பெரும்பாலும் தண்டுத் துண்டுகளிலிருந்தே வளர்க்கப்பெறுவதால், தேயிலைக்குத் தேனீயின் உதவி வேண்டுவதில்லை.

லயத்தருகேயுள்ள காய்கறிப் பாத்தியின் நிலையோ வேறு. பூசணியில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனியே மலர்கின்றன. ஒன்றின் மகரந்தத்தை மற்றொன்றுக்குத் தேனீ கொண்டு சேர்க்காவிடின், பிஞ்சு வெம்பி உதிர்ந்துவிடும். கறிக்குக் காயின்றி வாடுவது உழைக்கும் குடும்பமே.

பூசணி பூப்பது சில வாரங்கள். தேனீக்கோ ஆண்டு முழுவதும் உணவு வேண்டும். ஆதலின் வேலியோரங்களிலும், பாடசாலை முற்றங்களிலும், அட்டன், டிக்கோயா நகர்ப்புறத்துப் பொது இடங்களிலும் துளசி, சூரியகாந்தி, கொய்யா என மாறி மாறிப் பூப்பனவற்றை நடுவோமாக. பூ விரிந்திருக்கும் வேளையில் பூச்சிமருந்து தெளிப்பதையும் தவிர்ப்போமாக.