தலையை எண்ணுகிறார்கள், குரலைக் கேட்டார்களா?

(ராயகிரிப் படிப்பகத்தில் ஆற்றிய உரை)



பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்ததும் நமது ராயகிரித் தெருக்களிலும் கல்லூரி விளம்பரங்கள் படையெடுக்கின்றன. "அகில இந்தியத் தரவரிசையில் எமக்கு இத்தனையாவது இடம்" என்று முழங்குகின்றன. வயலிலே உழைத்துச் சேர்த்த காசை முந்தானையில் முடிந்து வைத்திருக்கும் தாய், அந்த எண்ணை நம்பித்தான் மகளை அனுப்புகிறாள். அந்த எண் எப்படிப் பிறந்தது? அதிலே மாணவர்க்குள்ள பங்கு என்ன?

டில்லி அரசு 2015-இல் தேசிய நிறுவனத் தரவரிசைத் திட்டத்தை வகுத்தது. 2016-இல் முதல் பட்டியல் வெளிவந்தது. பல்கலைக்கழகங்களுக்கான 2024-ஆம் ஆண்டுக் கணக்கைப் பாருங்கள். மொத்தம் 100 மதிப்பெண். கற்பித்தலுக்கும் வசதிகளுக்கும் 30, ஆராய்ச்சிக்கு 30, பட்டம் பெற்று வெளியேறுவோர் நிலைக்கு 20, பலதரப்பாரையும் அரவணைப்பதற்கு 10, நற்பெயருக்கு 10.

இந்தக் கணக்கிலே மாணவர் இல்லையா? இருக்கிறார்! ஓர் ஆசிரியருக்கு எத்தனை மாணவர் என்ற விகிதத்தில் இருக்கிறார். உரிய காலத்தில் தேறியோர் தொகையில் இருக்கிறார். ஆனால், நற்பெயரை யாரிடம் விசாரிக்கிறார்கள்? கல்வியாளரிடம், வேலை தரும் நிறுவனத்தாரிடம். மூன்றாண்டு வகுப்பிலே அமர்ந்தவரிடம் அல்ல! விருந்தின் சுவையை உண்டவரிடமன்றோ கேட்க வேண்டும்?

இன்னொன்றும் கேளுங்கள். பிற மாநிலத்து மாணவர் திருநெல்வேலிக்கு வந்து படித்தால், அரவணைப்புக் கணக்கிலே மதிப்பெண் உண்டு. இந்த ராயகிரியிலிருந்து, குடும்பத்தின் முதல் பட்டதாரியாகப் போகும் பெண், 1990-இல் தோன்றிய மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தால், முதல் தலைமுறை என்பதற்காக அங்கே மதிப்பெண் இல்லை. கடந்து வந்த தொலைவை அளக்கும் கோலுக்கு, ஏறி வந்த உயரத்தை அளக்கத் தெரியவில்லை!

மாணவரைக் கேட்டுவிட்டால் மட்டும் போதுமா? பிரிட்டன் 2005 முதல் இறுதியாண்டு மாணவரைக் கேட்டு வருகிறது; அவர்தம் விடைகளை அந்நாட்டுத் தரவரிசைகள் பயன்படுத்துகின்றன. 2008-இல் என்ன நடந்தது? கிங்ஸ்டன் பல்கலைக்கழக உளவியல் துறையிலே, "குறைத்து மதிப்பிட்டால் உங்கள் பட்டத்துக்குத்தான் மதிப்புக் குறையும்" என்று மாணவரிடமே சொன்னது ஒலிப்பதிவாகி அம்பலமாயிற்று. 2017-இல், கட்டண உயர்வுக்குத் தங்கள் விடைகளே ஏணியாவதைக் கண்டு, மாணவர் சங்கத்தினர் அக்கணிப்பைப் புறக்கணித்தனர். அச்சத்தில் பிறந்த புகழ் சான்றாகாது என்பதே அங்கிருந்து நாம் பெறும் பாடம்.

இங்கே, தரச்சான்று வழங்கும் நாக் அமைப்பு 2017-இல் மாணவர் கருத்துக் கணிப்பைத் தன் மதிப்பீட்டில் சேர்த்தது. தரச்சான்றுக்குத் தேவைப்பட்ட குரல், தரவரிசைக்கு மட்டும் ஏன் வேண்டாததாயிற்று?

ஆகவே நாம் கேட்பது இதுதான்: மாணவர் கருத்துக்குத் தரவரிசையிலே இடம் வேண்டும். கருத்துச் சொன்னவர் பெயர் வெளிவரலாகாது. கேட்பது கல்லூரி நிர்வாகமாக இருத்தலும் ஆகாது.

அதுவரை தோழர்களே, நமது படிப்பகமே அந்தப் பணியைத் தொடங்கட்டும். விளம்பரத்தில் எண்ணைக் கண்டால், எந்த ஆண்டு, எந்தப் பிரிவு என்று கேளுங்கள். அங்கே படிக்கும் நம் ஊர்ப் பிள்ளையை அழைத்து, ஆசிரியர் வருகிறாரா, ஆய்வுக்கூடம் திறந்திருக்கிறதா, விடுதியில் தண்ணீர் உண்டா என்று விசாரியுங்கள். அறிந்ததை அந்தத் தாயிடம் சொல்லுங்கள்.

தலையை எண்ணியது போதும். இனிக் குரலைக் கேட்கட்டும்!